பூ விழுகற வரைக்கும்

கோயல் பூசை பண்ற பண்டாரம் கதவுல ஒரு பக்கத்தச் சாத்திப்போட்டார். ஆடிக் காத்து. தெறந்து கெடந்தா அம்மன் சொல்றதுக்கு முன்னால காத்து பதில் சொல்லிப்போடும்னு அவருக்குப் பயம். இன்னொரு பக்கத்துக்கு மட்டும் ஒரு கல்ல அண்டக் குடுத்து வெச்சிருக்கார், வெளிச்சத்துக்கு. பூவு அம்மன் தலைமேல இருக்குது. ஒரே ஒரு வெள்ளரளி. தண்ணியில நனைச்சு ஒட்டி வெச்சது. அது வலது பக்கம், அதாவது வெளக்கு எரியுதே அந்தப் பக்கம் விழுந்தா சம்மதம், என்ற அண்ணனுக்கு என்ற கிட்னியில ஒண்ண நான் குடுக்கலாம். சூலம் நட்டிருக்கற பக்கம் விழுந்தா கூடாது. விழுகற வரைக்கும் ஆரும் பேசக் கூடாது, எந்திரிக்கக் கூடாது, அதுதான் இந்தக் கோயல்ல பூக் கேக்கற மொறை. கேள்வியக்கூட வாய் தெறந்து கேக்கறதில்ல. உரிமைப்பட்ட ஒருத்தர் அம்மன் முன்னால நின்னு மனசுக்குள்ள கேட்டுப்போட்டு வந்து உக்காந்துக்கோணும். இன்னைக்குக் கேட்டது என்ற ஊட்டுக்காரர். மாமான்னுதான் நான் கூப்பிடறது. கேட்டுப்போட்டு எம்பக்கத்துல வந்து உக்காந்தவர் கண்ண மூடுனவர்தான், இன்னும் தெறக்கல. எதுத்தாப்புல தூணுல சாஞ்சுட்டு எங்கண்ணன் தங்கமுத்து. அவருக்குப் பக்கத்துல நங்கை, அண்ணன் சம்சாரம், அம்மன மொறச்சுப் பாத்துட்டே உக்காந்திருக்குது, கண்ணு இமைச்சா பூவு ஏமாத்திப்போடும்ங்கற மாதிரி. நாலு பேரும் வந்தது ஒரே காரியத்துக்குத்தான். ஆனா நான் என்ன வேண்டிட்டு இருக்கறன்னு தெரிஞ்சா மத்த மூணு பேரும் ஆயுசுக்கும் என்ற மூஞ்சியில முழிக்க மாட்டாங்க. சூலத்துப் பக்கம் விழுகட்டும் ஆத்தா. சூலத்துப் பக்கம்.

எல்லாம் இந்த வாயால வந்த வெனை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டார், சொந்தத்துல ஆராச்சும் குடுக்கறதுக்கு இருக்கறீங்களான்னு. ரூமுல ஒரு அமைதி. நங்கைக்குச் சக்கரை இருக்குது, எடுக்கமாட்டாங்க. அவுங்களுக்கு ஒரே புள்ள, அது இப்ப மறுபடியும் மாசமா இருக்குது. அண்ணன் சன்னலுக்கு வெளிய பாத்துட்டு உக்காந்திருந்தார், அங்க ஆரோ வண்டிய ரிவர்ஸ் எடுத்துட்டு இருந்தாங்க, அதுதான் உலகத்துலயே முக்கியமான காரியம்ங்கற மாதிரி. அந்த அமைதிய என்னால தாங்க முடியல. எனக்கு எப்பவுமே அப்படித்தான், நாலு பேரு பேசாம இருந்தா நான் எதையாச்சும் சொல்லிப்போடுவன். நான் குடுக்கறனுங்கன்னுட்டன். கடையில போயி அரைக்கிலோ வெங்காயம் குடுங்கன்னு கேக்கற மாதிரி. அப்பறம் பாக்கோணுமே. நங்கை என்ற கையப் புடிச்சுட்டு ஓன்னு அழுகுது. நர்ஸம்மா என்ன ஒரு மாதிரியாப் பாக்குது. ஊருக்கு வந்து எறங்கறதுக்குள்ள சேதி எனக்கு முன்னால வந்து நிக்குது. கண்ணாலத்துக்குப் போனா சேர போட்டு உக்கார வெக்கறாங்க. பால் சொசைட்டியில வரிசையில நின்னா, நீங்க முன்னால வாங்கக்கான்னு வழி உடறாங்க. தெய்வம்ங்கறாங்க. எனக்கும் அது ருசியாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிப்போயிரும். அம்பது வயசு வரைக்கும் சுலோசனான்னா நல்லா ரசம் வெப்பா, வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான பேரு. இப்பத் தெய்வம். அந்தத் தெய்வத்துக்கு டெஸ்ட் எடுக்கப் போன எடத்துல வராண்டாவுல ஒரு பொம்பள நடந்து வந்துச்சு. என்ற வயசுதான் இருக்கும். இடுப்ப ஒரு கையால அழுத்திப் புடிச்சுட்டு, செவுத்தத் தொட்டுத் தொட்டு. பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க, அது அதோட புருசனுக்குக் குடுத்துருக்குதுன்னு. அந்தப் பொம்பள என்னப் பாத்து சிரிச்சுது. எதுக்கு சிரிச்சுது? நானும் அந்தக் கூட்டந்தான்னு எப்படித் தெரிஞ்சுது? அன்னையில இருந்து எனக்கு அந்த எடத்துல வலிக்குது. இன்னும் கத்தியே வெக்கல, வலிக்குது. பாத்தரம் கழுவக் குனிஞ்சா வலிக்குது. எல்லாம் பொருந்தியிருக்குதுங்கம்மான்னு டாக்டர் சிரிச்சுட்டே சொன்னப்ப பொருந்தாமப் போயிருக்கக் கூடாதான்னு நெனச்சன். கூடப் பொறந்தவன் சாகக் கெடக்கறான், பொருந்தாமப் போயிருக்கக் கூடாதான்னு நெனச்சன்.

அப்பத்தான் மாமா சொன்னார், அம்மங்கிட்டப் பூக் கேப்பம், அவ குடுத்தா நான் சம்மதிக்கறன், இல்லாட்டி இல்லைன்னு. ஆஸ்பத்திரியில புருசன் சம்மதம் வேணும்னு சொல்லியிருந்தாங்க. நங்கைக்கு மொகம் செத்துப்போச்சு. எனக்கு மட்டும் அவர் கால்ல விழுகலாமான்னு இருந்துச்சு. மனுசன் கண்டுபுடிச்சுப்போட்டார், நான் பயப்படறத, என்ன வெளிய இழுக்கறதுக்கு ஒரு வழி பண்றார்னு நெனச்சன். அவர் அம்மன் பைத்தியம், அதுவும் நெசந்தான். போர் போடறதுக்குப் பூக் கேப்பார். மாடு வாங்கறதுக்குக் கேப்பார். ஒருக்கா எளைய நாத்தனாளு ஊட்டுக்கு விருந்துக்குப் போலாமா வேண்டாமான்னு கேட்டார், பூவு விழுகவே இல்ல, கடைசியில விருந்தே முடிஞ்சுபோச்சு. அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பன் நானு. சிரிக்காதடி, அவ கேட்டுட்டு இருக்கறாம்பார். கேட்டுட்டு இருக்கறயா ஆத்தா? கேட்டுட்டு இருந்தீன்னா என்ற மனசு உனக்குத் தெரியும். தெரிஞ்சுட்டே நீ கண்ண முழிச்சுட்டு உக்காந்திருக்கற. பூவு அசையுதா? அசையல. வெளக்குத் திரிதான் ஆடுது.

அண்ணன் கொடத்தப் பாக்கறார். பண்டாரம் அபிசேகத்துக்குக் கொண்டு வந்த தண்ணிக் கொடம், வாய் வரைக்கும் ததும்பிட்டு நிக்குது. அவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரு, அதுக்கு மேல ஒரு முழுங்குகூடக் கூடாது. ஊட்டுல ஒரு சொம்புல அளந்து வெச்சிருக்கும் நங்கை. முன்னெல்லாம் காட்டுல இருந்து வந்தார்னா பானையோட தூக்கிக் கவுத்துக்குவார், தொண்டைமுடிச்சு ஏறி எறங்கறத நான் பாத்துட்டே நிப்பன். இப்பத் தீர்த்தம் குடுத்தப்பக்கூட வாங்கி உதட்ட நனைச்சுட்டு மீதியத் தலையில தடவிக்கிட்டார். அந்த இடது கையி. டயாலிசிஸுக்கு ஊசி போட்டுப் போட்டு நரம்பு வெரலு மொத்தத்துக்கு வீங்கி நிக்குது. ஒரு நாளு அது மேல காத வெச்சுக் கேளு அம்மிணின்னார். வெச்சன். உள்ள கொர்ருனு ஒரு சத்தம், மெசினு ஓடற மாதிரி. மில்லு ஓடுது பாரு எனக்குள்ளன்னு சிரிச்சார். நான் சிரிக்கல. ஊட்டுக்கு வந்து கொல்லையில நின்னு அழுதன். அழுதவளும் நாந்தான், சூலத்துப் பக்கம் விழுகட்டும்னு வேண்டறவளும் நாந்தான். ரெண்டுல எது நெசம்? ரெண்டும் நெசம்னா மனுசப் பொறப்பு என்ன பொறப்பு. பாசம்னு சொல்றாங்களே, அது என்ன, வயித்துக்குள்ள இருந்து ஒண்ண எடுத்துக் குடுக்கற வரைக்கும் போகுமா, இல்ல, தோலு வரைக்கும்தானா? சும்மா அழுகறதுன்னா நான் எவ்வளவு வேணும்னாலும் அழுவன். குழம்பு வெச்சுக் குடுக்கச் சொன்னா, உப்புப் போடாமக்கூட ருசியா வெச்சுக் குடுப்பன். இந்த ஒண்ணத்தான் கேக்காதீங்கன்னு எப்படிச் சொல்றது? கேட்டது அவுங்க இல்லயே. வாயத் தெறந்தது நானு.

இதே எடத்துல ஒருக்கா உக்காந்திருக்கறன். அப்ப எனக்கு இருவது. வெள்ளகோயல்ல டைப்பிங் கிளாஸுக்குப் போற வழியில லாரி புக்கிங் ஆபீசுல சம்பத்துன்னு ஒருத்தர் இருந்தார். நம்ம சனந்தான். ஒரு மழையில, நின்னு போங்க, நனையாதீங்கன்னார். வேற ஒண்ணுமில்ல. அந்த ஒரு பேச்ச வெச்சுட்டு நான் வருசம் பூராப் பொழச்சன். அப்பறம் அவுங்க ஊட்டுல இருந்தே பொண்ணுக் கேட்டு வந்தாங்க. அப்பன் இல்லாத ஊடு, அண்ணந்தான் எல்லாம். பூக் கேட்டுச் சொல்றமுங்கன்னார். வந்தம். அண்ணன் அம்மன் முன்னால நின்னு மனசுக்குள்ள கேட்டார். பூவு சூலத்துப் பக்கம் விழுந்துச்சு. அவ்வளவுதான். உத்தரவு இல்லைன்னு சொல்லி உட்டாச்சு. அடுத்த தையில மாமா. அன்னைக்கு அண்ணன் என்ன கேட்டார்? இந்தச் சம்பந்தம் ஆகுமான்னு கேட்டாரா, இதத் தட்டிக் கழிச்சா ஏதாச்சும் தப்பாயிருமான்னு கேட்டாரா? ஆருக்குத் தெரியும்? முப்பது வருசமா இது எனக்குள்ள முள்ளாட்டம் இருக்குது, ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டா மட்டும்? நல்லாத்தான் வாழ்ந்துட்டன். மாமா ஒரு அடி அடிச்சதில்ல. பையன் ஓசூர்ல வேலையில இருக்கறான். ஆனா ஒரு நெனப்பு வருது, சன்னிதியில வரக் கூடாத நெனப்பு. அன்னைக்கு அவர் ஒரு பூவு வெச்சு எனக்கு வழிய அடைச்சாரு, இன்னைக்கு ஒரு பூவு வந்து அவருக்கு அடைச்சாக் கணக்கு நேராயிரும். சீச்சீ. என்ன கெரகம் புடிச்ச மனசு இது. ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் வண்டிய ஆப் பண்ணாம வாசல்ல நின்னுட்டு, வர்றயா இல்லயா அம்மிணி, எனக்கு வேலையிருக்குதுன்னு கத்திக் கத்திக் கூட்டிட்டுப் போனவரு. உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டாரு, ஆனா ஒரு வருசங்கூட வராம இருந்ததில்ல. இந்த ஆடிக்குத்தான் வரல. வண்டி ஓட்ட முடியல. நானாப் போனன். அவர் கட்டல்ல உக்காந்துட்டு, நீயா வந்துட்டயா, நல்லதாப் போச்சு, எனக்குப் பெட்ரோலு மிச்சம்னார்.

நங்கை என்னப் பாக்குது. பூவுல இருந்து கண்ண எடுத்து ஒரு வெட்டு என்னப் பாத்துட்டுத் திரும்பிக்குது. அதுக்குத் தெரியும். பொம்பளைக்குப் பொம்பள தெரியாதா? அவுங்க பேத்தி காதுகுத்துல எனக்கு முன்வரிசை தரலைன்னு ஆறு மாசம் பேசாம இருந்தவங்க நாங்க. இப்ப ஆறு மாசமா தெனமும் போனு. சாப்பிட்டயா அம்மிணி, தூங்குனயா அம்மிணி, வெயில்ல போகாத அம்மிணி. என்ன விசாரிக்கல, என்ற உள்ள இருக்கற பொருள விசாரிக்குதுன்னு தோணும். பாவம், தோணலாமா அப்படி? மாமாவுக்கு ஒண்ணு ஆயி அவர் படுத்துக் கெடந்தா நானும் அப்படித்தான விசாரிப்பன். நானும் ஒருத்தி வயித்த இப்படித்தான பாப்பன். எத்தன நேரமாச்சு? முட்டி கடுக்குது. பண்டாரம் தண்ணிய அதிகமாத் தடவி வெச்சிருப்பாரோ? அவர் வெரல்லதான் எல்லாம் இருக்குதோ? நெறையாத் தடவுனா நேரமாகும், கொஞ்சமாத் தடவுனா சட்டுனு விழுகும், அவருக்குத் தெரியாமயா இருக்கும்? அப்ப அம்மன் எங்க? அம்மன் இல்லைன்னு வெச்சுக்கலாம்னா இன்னும் பயமா இருக்குது. அவ இல்லைன்னா இந்த ரூமுல வேண்டாம்னு சொல்றதுக்கு ஆரு இருக்கறாங்க, நான் ஒருத்திதான். அவ சொன்னா அது உத்தரவு. நான் சொன்னா அது ஒரு பொம்பள சொந்த அண்ணனக் கைய உட்டது. ஆத்தா, இந்தப் பழிய நீ வாங்கிக்க. உனக்கென்ன, நீ கல்லு, உனக்கு நாளைக்கும் பொங்க வெப்பாங்க. நான் இந்த ஊருல தலை நிமுந்து நடக்கோணும். நீ வாங்கிக்க.

அசையுது. இந்தத் தடவ நெசமாலுமே அசையுது. காம்பு மேல தூக்குது. வெளக்குப் பக்கம் சாயுது. ஐயோ. வெளக்குப் பக்கம். நங்கை தொடைய இறுக்கிப் புடிக்குது. இடுப்புக்குக் கீழ எனக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி சில்லுனு போகுது, அந்தப் பொம்பள வராண்டாவுல சிரிக்குது, வெள்ள வெளிச்சம், மூக்குக்கு மேல மூடி, எண்ணுங்கம்மா ஒண்ணு ரெண்டு மூணு, எந்திரிக்காமயே போயிட்டன்னா, பையன் ஓசூர்ல இருந்து வர்றதுக்குள்ள, வேண்டா ஆத்தா, வேண்டா, பூவு நிக்குது, சாஞ்ச வாக்குல அப்படியே நிக்குது, அண்ணன் பாக்கவே இல்ல, அவர் கையத்தான் பாத்துட்டு இருக்கறாரு, காத்து வந்து கதவ ஒரு இடி இடிக்குது, கல்லு நவுறுது, பண்டாரம் ஓடிப் போயி கதவப் புடிக்கறாரு, பூவு ஒரு சுத்து சுத்தி அம்மன் காதோலையத் தொட்டுத் தோளுல உருண்டு கீழ வந்துருச்சு. சூலத்துக்குக் கிட்டக் கெடக்குது. சூலத்துப் பக்கம்.

பண்டாரம் கிட்டப் போயி குனிஞ்சு பாத்தாரு, பாக்க வேண்டிய அவசியமே இல்ல, நல்லாத் தெரியுது. "உத்தரவு இல்லீங்க"ன்னாரு, சத்தமில்லாம. எனக்கு வந்தது சந்தோசம். வேற பேரு வெக்க முடியாது அதுக்கு. ஒடம்பு பூரா ரத்தம் திரும்ப ஓடுது, என்ற இடுப்பு என்ற இடுப்பாயிருச்சு, தப்பிச்சன், தப்பிச்சன்னு உள்ள ஒருத்தி குதிக்கறா. மொகத்த மட்டும் தொங்கப் போட்டுக்கிட்டன், அது தானா வந்துச்சு. நங்கை சீலத் தலைப்ப வாயில திணிச்சுக்கிச்சு. அண்ணன் தலைய ஒருக்கா ஆட்டுனார், போகோணும்னு நெனச்ச பஸ்ஸு போயிருச்சுன்னு தெரிஞ்சவராட்டம். "செரிங்க சாமி, அம்மன் சொன்னா செரி"ன்னுட்டு தூணப் புடிச்சு எந்திரிக்கப் பாத்தார். "எந்திரி அம்மிணி, பொங்கச் சோறு ஆறிப்போகும்."

அப்பத்தான் மாமா கண்ணத் தெறந்தார்.

"எதுக்கு மச்சான் எந்திரிக்கறீங்க? அம்மன் நல்ல வாக்குதான குடுத்திருக்கறா."

"மாப்ள, பூவு சூலத்துப் பக்கம் விழுந்திருக்குது."

"பாத்தனுங்க. நான் கேட்டதுக்கு அதுதான் நல்ல வாக்கு. குடுக்கலாமான்னு நான் கேக்கல. குடுத்தா இவ உசுருக்கு ஏதாச்சும் ஆயிருமா ஆத்தான்னு கேட்டன். ஆகாதுங்கறா."

பண்டாரம் திரும்பிப் பாத்தார். "அப்படிங்களா கேட்டீங்க?"

"அப்படித்தானுங்க கேட்டன்." மாமா அம்மனப் பாத்துட்டே சொன்னார். "திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போலாம் மச்சான். நான் வந்து சம்மதம் சொல்றன்."

நங்கை அவர் கால்ல விழுந்துருச்சு. எந்திரிம்மா, எந்திரிம்மாங்கறார். நெசமாத்தான் அப்படிக் கேட்டாரா? இல்ல, எங்கண்ணன் தலைய ஆட்டுன ஆட்டத்தப் பாத்துப்போட்டு இப்ப, இந்த நிமிசத்துல, வாயில வந்தத மாத்திச் சொல்றாரா? செவ்வாக்கெழம நகம் வெட்டாதவரு. சொப்பனத்துல பொய் சொன்னாக்கூடக் காலையில வந்து கன்னத்துல போட்டுக்கறவரு. அவர் சன்னிதியில நின்னு ஒரு பொய் சொல்லியிருந்தார்னா, நான் குடுக்கறதவிட அது பெருசு. பொய்யில்லைன்னா அது இன்னும் மோசம். அப்ப இத்தன நாளும் எனக்குத் தப்பிக்க வழி பண்றார்னு நான் நெனச்சதெல்லாம் என்ற கற்பனை, மனுசன் நான் உசுரோட இருப்பனான்னு மட்டுந்தான் கேட்டுட்டு இருந்திருக்கறார். எதுவா இருந்தாலும் இப்ப ஒண்ணுதான். அம்மன் ஒதுங்கிக்கிட்டா. மாமா ஒதுங்கிக்கிட்டார். வேண்டாம்னு சொல்றதுக்கு மிச்சம் இருக்கற வாயி இது ஒண்ணுதான். மூணு பேரும் என்னப் பாக்கறாங்க. மறுபடியும் அதே அமைதி. அந்த டாக்டர் ரூமு அமைதி. எனக்குத் தாங்காது. சொல்லாத சுலோசனா, எதையும் சொல்லாத.

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

கல்லுக் கட்டடம், சொன்னது சுத்தி வந்து எனக்கே கேட்டுது. நங்கை அழுகைய நிறுத்திப்போட்டுது. மாமா என்ற பக்கம் திரும்புனார். அண்ணன் ஒரு மூச்சு நேரங்கூட யோசிக்கல.

"அப்ப வேண்டா"ன்னார். "உடுங்க மாப்ள. புள்ள பயப்படுது. நான் பாட்டுக்கு ஊசி போட்டுட்டு இருந்துக்கறன், எத்தன பேரு இருக்கறாங்க. வா அம்மிணி, கெளம்பலாம்."

அவர் மொகத்தப் பாத்தன். ஒப்புக்குச் சொல்றாரான்னு பாத்தன். வலிச்சுச் சொல்றாரா, குத்திக் காட்டறாரா, நாளைக்கு நாலு பேருகிட்டச் சொல்லிக் காட்டுவாரா, எல்லாம் தேடிப் பாத்தன். ஒண்ணுமே இல்ல. அம்பது வயசுக்காரியப் புள்ளைங்கறாரு. நெசமாலுமே ஊட்டுக்குக் கெளம்பறாரு, வேட்டியத் தட்டிட்டு, அந்த வீங்குன கைய ஊணிட்டு. எனக்கு எங்க இருந்து வந்துச்சோ அப்படி ஒரு கோவம். போயி அவர் தோளப் புடிச்சு மறுபடியும் உக்கார வெச்சன்.

"வேண்டாம்னு நான் எப்பங்ணா சொன்னன்? பயமா இருக்குதுன்னுதான சொன்னன்."